உங்களுக்குத் தெரியுமா? இரும்பு குடிக்கும் செங்கல்!

ஜாக்கெட்டுக்கு லைனிங் வைத்துத் தைப்பது உங்களுக்குத் தெரியும். இரும்பு உருக்கும் உலைக்கும் லைனிங் வைக்கிறார்கள், தெரியுமா? பட்டறையில் அதற்குப் பெயரும் லைனிங்தான்! ஜாக்கெட் லைனிங் வியர்வையைத் தாங்கினால் போதும். உலை லைனிங் தாங்க வேண்டியது 1,500 டிகிரி செல்சியஸ்!

தாங்கும் என்றா சொன்னேன்? தாங்காது! ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒருமுறை உருக்கி ஊற்றினால் ஒரு ஹீட்) கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இரும்பு வார்க்கும் இண்டக்‌ஷன் உலையில் ஒரு லைனிங் சில நூறு ஹீட் வரும். அப்புறம் உடைத்துக் கொட்டிவிட்டு மறுபடி புது லைனிங்!

பனியன் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பனியனுக்கு நூல் நூற்ற மெஷினில் வார்ப்பிரும்பு. அதை வார்த்தது ஃபவுண்டரி. துணிக்குச் சாயம் ஏற நீராவி தந்தது பாய்லர். பாய்லர் அடுப்புக்குள் ஃபயர் பிரிக்! எங்கேயோ ஒரு செங்கல் தேயாமல் திருப்பூரில் ஒரு பனியன்கூட பேக்கிங்குக்குப் போகாது!

கோவை ஃபவுண்டரிகளில் ஓடும் இண்டக்‌ஷன் உலைக்குள் எட்டிப் பார்ப்போமா? உள்ளே கொதிக்கும் இரும்பு. வெளியே செம்புக் குழாய்ச் சுருள். அந்தக் குழாய்க்குள் ஓடுவது என்ன தெரியுமா? பச்சைத் தண்ணீர்! நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் சுவரின் கனம் சுமார் 4 அங்குலம்!

அந்தச் சுவர் ஓட்டையானால்? 1 லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 லிட்டர்! அடைக்க இடமில்லாத ஆவி என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் லைனிங் முழுக்கத் தேயும்வரை யாரும் காத்திருப்பதில்லை!

சுவர் தேய்ந்ததை உள்ளே இறங்காமலே கண்டுபிடிக்கலாம், தெரியுமா? சுவர் மெலிந்தால் இரும்பு சுருளுக்கு நெருங்கும். நெருங்கினால் உலை இழுக்கும் கரண்ட் கூடும். பழகிய ஆபரேட்டர் மீட்டரைப் பார்த்தே சுவரின் கனத்தைச் சொல்வார்! டாக்டர் நாடி பிடிப்பதுகூட இத்தனை சூட்டில் இல்லை!

இந்த லைனிங் செங்கல்லே இல்லை! வெறும் மணல்! குவார்ட்ஸ் கல்லை அரைத்த பொடி. அதைக் கெட்டியாக்கச் சேர்ப்பது 1 சதவீதம் போரிக் பவுடர். எந்த போரிக் பவுடர்? கேரம் போர்டில் காய் வழுக்கத் தூவுகிறீர்களே, அதேதான்!

அந்தப் பொடியை எப்படி நிற்க வைக்கிறார்கள்? உலைக்குள் ஓர் இரும்புத் தகர உருளையை நிறுத்தி, சுற்றிலும் பொடியைக் கொட்டி இடித்து இறுக்குகிறார்கள். சரி, உருளையை எப்படி வெளியே எடுப்பது? எடுப்பதே இல்லை! முதல் ஹீட்டில் அதுவும் சேர்ந்து உருகிவிடும்! துணிக்கடை பொம்மைக்குச் சட்டை மாட்டிவிட்டு, பொம்மையை மட்டும் உருக்கி ஊற்றியதுபோல!

இன்னும் கேளுங்கள். சூடான பிறகு அந்தச் சுவர் மூன்று அடுக்காகப் பிரிகிறது. இரும்பைத் தொடும் பக்கம் கல். நடுவில் அரைக்கல். கடைசி அடுக்கு இன்னும் மாவு! மாவு எதற்கு? விரிசல் வழியே இரும்பு ஒழுகி வந்தால் மாவில் சிக்கி அங்கேயே உறைந்துவிடும்! என்னைக் கேட்டால், உலகிலேயே புத்திசாலியான மாவு அதுதான்! (இடிக்கும்போது பறக்கும் தூசி மட்டும் நுரையீரலுக்கு நஞ்சு. மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்!)

இரும்பு 1,538 டிகிரியில் உருகும். அதைப் பிடித்து வைத்திருக்கும் மணல் 1,713 டிகிரியில் உருகும். வித்தியாசம் எவ்வளவு? வெறும் 175!

சுவர் கரைந்து எங்கே போகிறது? உங்கள் வீட்டு மோட்டாருக்குள்! 1,450 டிகிரியைத் தாண்டிவிட்டால் வார்ப்பிரும்பில் இருக்கும் கரி, மணல் சுவரைக் கடித்து அதிலிருக்கும் சிலிக்கானைப் பிடுங்கிக்கொள்ளும். சுவர் இளைக்கும், இரும்பு கொழுக்கும்! கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பம்ப்பில் உலைச் சுவரின் ஒரு துளியும் இருக்கலாம், யார் கண்டது!

உலைக்குப் பெரிய எதிரி யார்? சூடா? இல்லை, துரு! துருப்பிடித்த இரும்பும் மணலும் சேர்ந்தால் உண்டாகும் கலவை 1,205 டிகிரியிலேயே கூழாகிவிடும்! 1,713 வரை நிற்கக்கூடிய சுவர் 1,205-லேயே கவிழ்கிறது! பழைய இரும்புக் கடையில் துருவைத் தட்டச் சொல்வது எடைக்காக மட்டும் என்றா நினைத்தீர்கள்?

அடுத்த எதிரி பழைய தகர வாளி! அதன் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆவி சுவருக்குள் புகுந்து செம்புச் சுருள்வரை போய் நிற்கும்! இரும்பு நுழைய முடியாத சுவரில் வாளி நுழைந்துவிடும்!

சுவரின் அடிப்பகுதி அதிகம் அரிபட்டு, உலையின் உள்வெளி அடியில் அகன்றுவிடும். அந்தத் தேய்மானத்துக்கு ஒரு பெயர் உண்டு. என்ன பெயர்? யானைக்கால்!

கண்ணாடி உருக்கும் தொட்டியில் சுவர் எந்த இடத்தில் அதிகம் தேயும்? அடியிலா? இல்லை! குழம்பின் மேல்மட்டமும் காற்றும் சுவரும் சந்திக்கும் ஒரே ஒரு கோட்டில்! சுற்றிவரப் பள்ளம் விழும். தண்ணீரில் ஒரு துண்டு சூடத்தைப் போடுங்கள். தானாகச் சுற்றிச் சுற்றி ஓடும். சூடத்தை ஓட்டும் அதே மேற்பரப்பு இழுவிசைதான் குழம்பையும் அந்தக் கோட்டில் சுழலவிட்டுச் சுவரை அரிக்கிறது! இத்தாலிக்காரர் மரங்கோனி பெயரில் அதற்குத் தனி விளைவே இருக்கிறது. சூடத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை!

சரி, இனி நம்ம ஊருக்கு வருவோம். சாயப்பட்டறை பாய்லரில் எரிவது என்ன? பல இடங்களில் இன்னும் விறகுதான். சீமைக்கருவேலம்! அந்த விறகின் சாம்பல் ஃபயர் பிரிக்கை என்ன செய்கிறது தெரியுமா? கண்ணாடியாக்குகிறது! சாம்பலில் பொட்டாஷ். செங்கல்லில் சிலிக்கா. இரண்டும் சூட்டில் கலந்தால் கண்ணாடி! ஐரோப்பாவில் ஒரு காலத்தில் காட்டு மரச் சாம்பலையும் மணலையும் உருக்கித்தான் ஜன்னல் கண்ணாடியே செய்தார்கள்!

தீபாவளி லீவில்தான் பட்டறைகள் மூச்சு விடும். பாய்லர் அணையும். அப்போதுதான் உள்ளே கொத்தனார் இறங்குவார். ஒரு லீவில் நானும் போய் நின்றேன். பெயர்த்து எடுத்த கல் ஒன்றைக் கையில் கொடுத்தார். பின்பக்கம் நேற்று வாங்கியதுபோல இருந்தது. செய்தவர் முத்திரைகூட அழியவில்லை! திருப்பினேன். முன்பக்கம் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடி. வழிந்து, துளித்துளியாக உறைந்து, அடைப்பிரதமன் ஆறி ஏடு கட்டியதுபோல! டேப் வைத்துப் பார்த்தேன். 9 அங்குலக் கல் ஐந்தேகால் அங்குலம்!

“மீதியெல்லாம் எங்கீங்ண்ணா போச்சு?” என்றேன். “சாம்பலோட சாம்பலா வெளிய போயிருச்சுங்க. கல்லுந்தான் எரியுதுங், நமக்குத்தான் தெரியறதில்லை” என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை!

சாயம் துணியில் பிடிக்க டையிங்கில் சோடா ஆஷ் போடுகிறார்கள். அதே சோடா ஆஷ் 851 டிகிரியில் உருகி ஓடி ஃபயர் பிரிக்கைத் தின்னும்! துணிக்கு நண்பன், கல்லுக்கு எமன்!

தேங்காய்த் தொட்டி எரித்தால் இன்னும் மோசம்! அதன் சாம்பலில் பொட்டாஷ் ஏராளம். பொட்டாஷ் ஆவி கல்லுக்குள் புகுந்து புதுப் படிகங்களாக வளரும். வளர்ந்தால் இடம் போதாது. இடம் போதாவிட்டால்? கல் உள்ளிருந்தே பிளக்கும்! ஆலமர வேர் கோயில் சுவரைப் பிளக்குமே, அப்படி!

ஃபயர் பிரிக் எத்தனை டிகிரியில் வெடிக்கும் சொல்லுங்கள். 1,500? 1,700? சில கற்கள் 500-லேயே வெடிக்கும்! செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் புள்ளிகள் இருந்தால் போதும். உலையின் கார்பன் மோனாக்சைடு அந்தப் புள்ளிகளில் கரியாகப் படியும். படிந்து படிந்து பருக்கும். கல் தூள்! இதில் கொடுமை என்னவென்றால், அதே கல்லை 1,000 டிகிரியில் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை!

குவார்ட்ஸுக்கும் ஒரு வேடிக்கையான எண் உண்டு. 573! அந்த டிகிரியைத் தொட்டதும் அதன் படிகம் சட்டென்று உருமாறிப் பருக்கும். இறங்கும்போது அதே 573-ல் சுருங்கும். அங்கே அவசரப்பட்டால் ‘டப்’!

இதுபோன்ற உருமாற்றத்துக்குப் பயந்துதான் நிலக்கரியைக் கோக்காக்கும் அடுப்புகளை அணைப்பதே இல்லை! சிலிக்கா செங்கல்லால் கட்டியவை அவை. ஒருமுறை சூடேற்றினால் 30, 40 வருடம்கூட எரிந்துகொண்டே இருக்கும். கோயில் தூண்டாமணி விளக்குக்கே திரி மாற்றுகிறோம்!

திருப்பூரில் துணி சுருங்கும். 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் பையர் சண்டைக்கு வருவார். செங்கல்லோ நீளும்! 10 மீட்டர் மக்னீசியாச் சுவரை 1,000 டிகிரிக்குச் சூடேற்றிப் பாருங்கள். சுமார் 13 சென்டிமீட்டர் நீண்டு நிற்கும்! அதற்கு இடம் விட்டுக் கட்டத் தெரியாதவர் உலைக் கொத்தனாரே இல்லை!

மக்னீசியா என்றதும் சேலம் நினைவுக்கு வர வேண்டும்! கல்லின் பெயரில் ரயில் நிலையம் பார்த்திருக்கிறீர்களா? சேலத்தில் இருக்கிறது: மேக்னசைட் ஜங்ஷன்! கோவை எக்ஸ்பிரஸில் திருப்பூரில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். சேலம் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று மேடுகள். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சாக்பீஸ் மலை! அங்கே சாக்பீஸ் சுண்ணாம்பு துளியும் இல்லை! அந்த வெள்ளையெல்லாம் மேக்னசைட்!

அதைத் தோண்டத் தமிழ்நாடு அரசுக்கே ஒரு கம்பெனி உண்டு. டான்மாக்! பிறந்தது 1979. அங்கேயே இருக்கும் செங்கல் ஆலை ஒன்று 2011-ல் பர்ன் ஸ்டாண்டர்ட் கம்பெனியிடமிருந்து உருக்கு நிறுவனமான செயில் கைக்கு மாறியது. உருக்காலைக்காரர் ஒருவர் தன் உலைக்குச் செங்கல் சுடும் ஊரையே வாங்கிக்கொண்டார்!

மேக்னசைட்டைச் சுட்டால் மக்னீசியா. அது எத்தனை டிகிரியில் உருகும்? 2,800-க்கும் மேல்! இரும்பு உருகும் சூட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

அப்பேர்ப்பட்ட கல்லைக் கொல்ல என்ன வேண்டும்? ஒரு ஆடி மழை போதும்! மக்னீசியாக் கல்லை வெளியே நனையவிட்டால் தண்ணீரைக் குடித்துப் பருத்துப் பொடியாகிவிடும். அந்தப் பொடி என்ன தெரியுமா? மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் விற்கும் மில்க் ஆஃப் மெக்னீசியா! நான் கதை விடவில்லை. இரண்டும் ஒரே பொருள்!

பளு தூக்குபவர்கள் கையில் வெள்ளையாக ஒரு பொடி பூசிக்கொள்வார்களே? அது மக்னீசியம் கார்பனேட். சேலத்து மேக்னசைட்டும் அதேதான்! கை வழுக்காமல் பிடிக்க ஒன்று, உருகிய எஃகைப் பிடிக்க ஒன்று!

கடல் நீரிலிருந்தும் மக்னீசியா எடுக்கலாம்! 1 லிட்டர் கடல் நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் இருக்கிறது. மெரினாவில் கால் நனைத்தபோது உங்கள் காலடியில் ஓடியது உலைச் செங்கல்!

வயிறு எரிந்தால் அமிலத்தை அடக்க மருந்து குடிக்கிறோம். உலைக்கும் அதே வைத்தியம்தான்! எஃகிலிருந்து பாஸ்பரஸை விரட்ட வேண்டுமானால் சுண்ணாம்புக் குழம்பு தேவை. அந்தக் குழம்பு மணல் சுவரை ஒரே மூச்சில் கரைத்துவிடும். காரச் சுவர் வேண்டும்! இதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானியா? இல்லை! லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா! சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். பகலில் கோர்ட், இரவில் வேதியியல் வகுப்பு. 1870-களின் கடைசியில் டோலமைட் லைனிங் வைத்து ஜெயித்தார். இரும்பு ஆலையில் வேதியியல் பார்த்த மாமன் மகன் ஒருவர் கூட நின்றார். 34 வயதில் தாமஸ் இறந்துவிட்டார்! உலையில் மிஞ்சிய கசடு என்ன ஆனது? பாஸ்பரஸ் உரமாக வயலுக்குப் போனது!

மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் ஊதுலைகள் இருக்கின்றன. ஊதுலைக்கு ஒருமுறை லைனிங் வைத்தால் எத்தனை நாள் வரும்? நாளா? நல்ல ஊதுலை 15, 20 வருடம் நிற்காமல் ஓடும்! கோவை இண்டக்‌ஷன் உலைக்கு இதைச் சொல்லாதீர்கள், ஏங்கிப்போகும்!

அத்தனை வருடமும் உருகிய இரும்பு அடித்தரையைத் தோண்டிக்கொண்டே இறங்கும். கடைசியில் அணைக்கும்போது அடியில் இரும்பு ஏரியே தேங்கி நிற்கும். நூற்றுக்கணக்கான டன்! அதற்குப் பெயர் ‘சாலமாண்டர்’. நெருப்பில் வாழும் என்று மேலைநாட்டார் கதை கட்டிய பல்லி மாதிரிப் பிராணியின் பெயர்!

அடித்தரை தேய்ந்தால் உலையை நிறுத்தாமலே ஒட்டுப் போடலாம், தெரியுமா? கொஞ்சம் இல்மனைட்டை உள்ளே போடுகிறார்கள். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறதே, அதே தாது! அதிலிருக்கும் டைட்டானியம், தேய்ந்த இடமாகப் பார்த்துப் படிந்து தானே புண்ணை மூடும்! படிவது என்ன நிறம்? செம்புக்கும் தங்கத்துக்கும் நடுவே மினுமினுவென்று!

இப்போது உங்கள் பவர் டேபிள் தையல் மெஷினைப் பாருங்கள். சில ஊசிகள் தங்க நிறத்தில் இருக்கும். தங்கமா? இல்லை, டைட்டானியம் நைட்ரைடு பூச்சு! ஊதுலையின் புண்ணை ஆற்றும் படிவத்துக்கு உடன்பிறப்பு! ஊசி தேயாமல் காப்பதும் உலை தேயாமல் காப்பதும் ஒரே குடும்பம்! இதைக் கண்டுபிடித்த அன்று நான் தூங்கவே இல்லை!

சுவர் எவ்வளவு தேய்ந்தது என்று அறியக் கதிரியக்க கோபால்ட்டைச் சுவருக்குள் புதைத்து வைத்த காலம் உண்டு! வெளியே கருவி ‘கிர்ர்’ என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் சத்தம் நின்றால்? அந்த இடத்துச் சுவர் போய்விட்டது!

இப்போது லேசர்! சிவக்கச் சிவக்க எரியும் எஃகு உலைக்குள் லேசரைச் சுழற்றினால் போதும். சுவரில் எந்த மூலையில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று சில நிமிடத்தில் வரைபடமாக வந்துவிடும்!

இன்னொரு கில்லாடி வேலை. எஃகை ஊற்றிய பிறகு மிஞ்சும் கசடை வீணாக்காமல் நைட்ரஜனை பலமாக ஊதிச் சுவரெங்கும் தெளிக்கிறார்கள். கசடு ஒட்டி உறைந்து சுவருக்குச் சட்டை போட்டுவிடும்! சில ஆயிரம் ஹீட் வந்த லைனிங் இப்போது 10,000 ஹீட்டைத் தாண்டுகிறது! சுவரைத் தின்ற கசடே சுவருக்குக் காவல்!

ஒரு டன் எஃகுக்கு உலைகள் விழுங்கும் செங்கல் எவ்வளவு? சுமார் 10 கிலோ!

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது. கசடுக்குத் தாமரை இலை எது? கிராஃபைட்! அதனால்தான் மக்னீசியாக் கல்லில் கிராஃபைட்டைக் கலக்கிறார்கள். பென்சிலில் எழுதும் அதே கிராஃபைட்! அது எங்கே கிடைக்கிறது? சிவகங்கையில்! தமிழ்நாடு அரசின் டாமின் கம்பெனி அங்கே சுரங்கமே வைத்திருக்கிறது!

இன்னும் கிட்டே வரட்டுமா? காங்கயம் பக்கம் சிவன்மலை. பக்தர் கனவில் வரும் பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டிக்குப் பேர்போன அதே மலை! அந்த வட்டாரப் பாறையில் குருந்தக்கல் இருக்கிறது. 1901-லேயே தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தப் பாறைகளைப் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார்! குருந்தக்கல் என்றால் அலுமினா. அலுமினாவில் ஒரு சிட்டிகை குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம்! உலைக்குச் செய்யும் அலுமினா-குரோம் செங்கல்லும் அதனால்தான் ரோஜா நிறம். கடையில் கேட்கும் பெயரே ‘ரூபி பிரிக்’! உத்தரவுப் பெட்டியில் இதுவரை ஒரு ஃபயர் பிரிக் என் கண்ணில் படவில்லை. காத்திருக்கிறேன்!

குரோமியத்துக்கு இன்னொரு முகம் உண்டு. குரோம் செங்கல் சுண்ணாம்போடும் பொட்டாஷோடும் வெந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் பிறக்கும். ராணிப்பேட்டையைப் பாழாக்கிய அதே நஞ்சு! பழைய குரோம் கல்லை வேலி ஓரம் கொட்டுவதைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள்!

ஃபயர் பிரிக்கின் வழக்கமான அளவு: 230, 115, 75 மில்லிமீட்டர். சாதாரணக் கல் 4 கிலோ. அதே அளவு மக்னீசியாக் கல் கிட்டத்தட்ட 6 கிலோ! அதே அளவு செராமிக் ஃபைபர்? கால் கிலோ!

செராமிக் ஃபைபர் என்றால் என்ன? கல்லை நூற்ற பஞ்சு! களிமண்ணை 2,000 டிகிரி அளவில் உருக்கிச் சுழலும் சக்கரத்தில் ஊற்றுகிறார்கள். பஞ்சுமிட்டாய் போலப் பறக்கும். அதை ஊசி குத்திக் குத்திப் போர்வையாக்குகிறார்கள். நூலாக நூற்கிறார்கள். துணியாகவும் நெய்கிறார்கள்! உலைக்குள் போர்வை மாட்டும் வேலைக்குத் தையல்காரரையே கூப்பிடலாம்!

டி-ஷர்ட் துணி 180 ஜி.எஸ்.எம். இந்த உலைப் போர்வை எத்தனை ஜி.எஸ்.எம். தெரியுமா? ஓர் அங்குலப் போர்வையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,200!

உலைக் கான்கிரீட்டிலும் நூல் இருக்கிறது! புதுச் சுவரைச் சூடேற்றினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும். அதைத் தடுக்கத் தலைமுடிபோன்ற பாலிப்ரொப்பிலீன் இழைகளைக் கலக்கிறார்கள். டன்னுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ. 160 டிகிரியைத் தாண்டியதும் இழை உருகி மறையும். இழை இருந்த இடம் ஓட்டையாகும். அந்த வழியே ஆவி சாதுவாக வெளியேறும்! மறைந்துபோவதற்காகவே போடும் நூல்!

இதைத் திருப்பூர்க்காரர் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? பொறுங்கள். நொய்யல் கரைக்கு வாருங்கள்!

திருப்பூரைத் தாண்டி நொய்யல் ஓடும் திசையில் போனால் கொடுமணல். பதிற்றுப்பத்து பெயர் சொல்லும் ஊர்! 1985 முதல் அங்கே தோண்டினார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழிக்குள் பார்த்தது இரும்பு உலைகள்! துருத்தி முகத்துக் களிமண் குழாய்கள்! எஃகு காய்ச்சிய மூசைகள்! எத்தனை வயது? 2,000 ஆண்டுக்கும் மேல்!

தமிழ்நாட்டின் பழைய எஃகு மூசைகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஓர் ஆச்சரியம். நெல் உமி! களிமண்ணில் உமியைப் பிசைந்து மூசை வனைந்திருக்கிறார்கள். மேல்சிறுவலூர் என்ற ஊரில் கிடைத்த மூசைத் துண்டுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். உமி ஏன்? உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா! உமியில் கரியும் உண்டு. சிலிக்காவும் கரியும் சேர்ந்த மூசை! லேப் இல்லை, மீட்டர் இல்லை. இன்றைய இன்ஜினியர் கிராஃபைட் கலந்து செய்வதை அன்று கொல்லர் உமி கலந்து செய்திருக்கிறார்!

அந்த எஃகை உலகம் ‘ஊட்ஸ்’ என்றது. அதை லண்டனில் சோதித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மின்சார மோட்டாருக்கு விதை போட்ட மைக்கேல் ஃபாரடே! அப்போது அவர் முப்பதைத் தொடவில்லை!

அந்த மூசையின் ஆயுள் எத்தனை ஹீட்? ஒன்றே ஒன்று! எஃகுக் கட்டியை எடுக்க மூசையை உடைத்தே ஆக வேண்டும்!

உமி இன்றும் எஃகு ஆலையை விடவில்லை! 1,500 டிகிரி எஃகுக் குழம்பு ஆறாமலிருக்க அதன் மேல் தூவுவது என்ன? உமிச் சாம்பல்! காங்கயம் அரிசி மில் பக்கம் கருப்பாகக் குவிந்து கிடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோமே, அதே சாம்பல்!

செங்கல் தேய்மானத்தில் உச்சம் எது தெரியுமா? 2008 மே 31. கென்னடி விண்வெளி மையம். டிஸ்கவரி விண்ணோடம் கிளம்பிய அடுத்த நொடி ஏவுதளத்தின் நெருப்புப் பள்ளத்திலிருந்து ஃபயர் பிரிக்குகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. 1960-களில் கட்டிய சுவர். எத்தனை கல்? சுமார் 3,500!

நம்ம ஊர்ப் பழைய ஃபயர் பிரிக் என்ன ஆகிறது? கொஞ்சத்தை அரைத்துப் புதுக் கல்லில் கலக்கிறார்கள். மீதியில் சில, பட்டறைக்கு எதிர் டீக்கடைக்கு வந்துவிடும்! நான் டீ குடிக்கும் கடையின் அடுப்பு மூன்று பக்கமும் பாய்லர் கல். 1,000 டிகிரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவை. பால் பொங்கும் 100 டிகிரி அவற்றுக்குப் பென்ஷன்!

அந்தக் கல்லைப் புதிதாக வாங்கும்போது கொத்தனார் கேட்பது “ஐ.எஸ். 8 கல் குடுங்க” என்று! அது இந்திய தர நிர்ணய எண். இப்போது அந்தத் தரங்கள் 20,000-ஐத் தாண்டிவிட்டன. ஃபயர் பிரிக்குக்குக் கிடைத்த எண்கள் என்ன தெரியுமா? 6, 8! சிமென்டுக்கும் முந்தி! குக்கருக்கும் முந்தி! அப்படியானால் நம்பர் 1 யாருக்கு? துணிக்கு! ஐ.எஸ். 1, நமது தேசியக் கொடி!